கேட்காமல் போட்ட ஸ்பிரிங்

கிளட்ச் வேலை மற்ற வேலை மாதிரி கிடையாது. சக்கரத்தில் கோளாறு என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிவிடலாம். கிளட்ச் பிளேட் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே கீழே இறக்கியாக வேண்டும். கழற்ற அரை நாள், மாட்ட அரை நாள். நடுவில் பிளேட்டை மாற்றுவது கால் மணி நேரம்தான். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பேச்சு வரும். இறக்கினது இறக்கியாச்சு, கூட வேறு எதையெல்லாம் மாற்றலாம்?

"கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாச்சு, சின்னவளுக்குக் காதுகுத்தையும் இதுலயே முடிச்சிருவோம்" என்பார்கள் எங்கள் பக்கத்து டிரைவர்கள். வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு: "பல்லுப் புடுங்கப் போனவன் தாடையைக் கழத்திக் குடுத்துட்டு வந்தானாம்." ரெண்டும் நியாயம்தான். எந்த வண்டிக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று கண்டுகொள்வதில்தான் மெக்கானிக்கின் சாமர்த்தியம் இருக்கிறது. நான் ஒரு தடவை தவறிப் போனேன்.

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தேன். தொழிலை யாரிடமும் முறையாகப் படித்தவன் இல்லை நான். லாரியில் கிளீனராகப் போய், வண்டி நின்ற இடத்திலெல்லாம் அடியில் படுத்துப் படுத்துக் கற்றுக்கொண்டதுதான். ஒரு வழக்கம் மட்டும் வைத்திருந்தேன். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு சாக்கை விரித்து அதில் வரிசையாகப் பரப்புவேன். வண்டிக்காரர் வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, இது போகட்டும், இது இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அவர் கை படாமல் ஒரு வாஷரைக்கூட மாற்றமாட்டேன். ஊரில் எனக்கு இருந்த பெயரே அதனால்தான்.

இப்போது சொல்லப்போகிற மனிதர் எனக்கு மாமா. சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் முஸ்லிம், நான் கோயில் வாசலில் பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளை. ஆனால் எங்கள் ஊரில் மாமா, மாப்பிள்ளை என்று அழைத்துக்கொள்ள ரெண்டு தெருக்காரர்கள் ரெண்டு தலைமுறை பழகியிருந்தால் போதும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போருக்கு முந்தின இங்கிலீஷ் பிளசர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சீசனில் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றி மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் போவார். சாரல் ஓய்ந்தால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறுவார்.

அவர் கால் அப்படி ஒரு கால். கிளட்சை மிதிப்பதும் விடுவதும் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பிள்ளை பெற்று வீடு திரும்புகிற பெண்கள் அவர் வண்டிதான் வேண்டும் என்று ஆள் அனுப்புவார்கள். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாரையும் போல வெறுங்காலோடுதான் ஓட்டுவார். வண்டிக்குள் செருப்போடு ஏறினால் அடுப்படிக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி. கேட்டால், "செருப்புப் போட்ட காலுக்குக் கண்ணு கிடையாது மாப்ளே" என்பார்.

ஒரு வைகாசிக் கடைசியில், சாரல் விழத் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்த நேரம். மாமா வண்டியைத் தள்ளாத குறையாக என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். இஞ்சின் இரைகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் போய்விட்டது.

கியர்பாக்ஸை இறக்க ரெண்டு ஆள் வேண்டும். அவரே சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து, அதை நெஞ்சில் தாங்கினார். பெண்டாட்டியைக்கூட நான் இப்படித் தாங்கினதில்லை, அவளிடம் போய்ச் சொல்லிவிடாதே என்றார். சிரிப்பில் ரெண்டு பேருக்கும் கை நழுவப் பார்த்தது.

சாக்கில் எல்லாவற்றையும் பரப்பினேன். பிளேட் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். என்னை யோசிக்க வைத்தது ரிலீஸ் பேரிங். அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகளில் அது கரியால் ஆன ஒரு வளையம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும்தான் அது போய் உரசும். காலை எடுத்துவிட்டால் விலகிக்கொள்ளும். அதனால் சீக்கிரம் தேயாது. இவருடையதோ பழைய சந்தனக்கல் மாதிரி தேய்ந்து குழிந்து கிடந்தது. மிதிக்காத நேரத்திலும் கால் கிளட்ச் மிதியின் மேலேயே கிடந்தால்தான் அப்படி ஆகும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு அது.

நான் வாய்த்துடுக்கில் கேட்டுவிட்டேன்.

"மாமா, கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டா ஓட்டுதீய?"

அவர் முகம் மாறிவிட்டது.

"ஏலே, யாரைப் பாத்து என்ன கேக்குத? இருபது வருசமா ஓட்டுதேன். மிதியில காலு கிடந்தா எனக்குத் தெரியாதா?"

ஒரு கச்சேரிக்காரரிடம் சுருதி விலகுகிறதே என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பிறகு எது எது மாற்றுவது என்று பார்த்தோம். பிளேட் என்னிடம் இருந்தது. கரி வளையம், செங்கோட்டையில் உடைத்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அது ரெண்டையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. இஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல் லேசாகக் கசிந்தது. மதுரைக்கு எழுதிப்போட்டு வர நாலு நாள் ஆகும். சீசனில் நாலு நாள் வண்டியை நிறுத்தினால் கார்த்திகை மாதம் சோற்றுக்கு என்ன செய்வது என்றார். இருக்கட்டும் என்றேன். கியர்பாக்ஸையும் பின்னால் போகிற தண்டையும் சேர்க்கிற மூட்டான கிராஸில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, அதுவும் இருக்கட்டும். கடைசியாக மிதி. அதன் ரப்பர் இல்லவே இல்லை. வெறும் இரும்பு, கோடு கோடாக வெட்டு விழுந்தது. பழைய டயரில் அளவாக ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஈரக் காலுக்கு ரப்பரு வழுக்கும் மாப்ளே. நாந்தான் பிச்சுப் போட்டேன். இரும்புதான் பிடிக்கும். அது கிடக்கட்டும்."

கியர்பாக்ஸை ஏற்றி முடித்ததும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மீதி வேலை எனக்குத் தனியாகச் செய்யக்கூடியதுதான். மிதியை மேலே இழுத்து வைக்கிற ஸ்பிரிங்கை மாட்ட வேண்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. லாரி பிரேக்கிலிருந்து எடுத்த ஸ்பிரிங் ஒன்று பெட்டியில் கிடந்தது. கனமானது. அதை மாட்டினால் மிதி விறைப்பாக மேலே நிற்கும். சும்மா கிடக்கிற காலை அதுவே தூக்கிவிடும். கரி வளையமும் பிழைக்கும், மாமாவின் ரோஷமும் பிழைக்கும். அவரிடம் சொன்னால், உங்கள் கால் மிதியில் கிடக்கிறது என்று ரெண்டாவது தடவை சொன்னதாகிவிடும். 'கண்ணு மங்கின மாமியாருக்குத் தெரியாம திரியைத் தூண்டி வச்ச மருமக' என்று எங்கள் பக்கம் நல்ல மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அப்படி ஒரு நல்ல காரியம் செய்கிறதாக நினைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மாட்டினேன். சாக்கில் அதை வைக்கவில்லை. அவர் கை அதில் படவில்லை.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் பார்த்தபோது, மிதி இப்போதெல்லாம் முறைக்கிறதே மாப்ளே என்றார். புதுப் பிளேட் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் எவ்வளவு லேசாக உட்கார்ந்துகொள்கிறது.

அந்த வருஷம் நல்ல சீசன். ஆடி முழுக்க அருவி குறையவில்லை. மாமாவின் வண்டி என் கொட்டகையைத் தாண்டி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போகும், எட்டுத் தடவையும் ஹாரன் அடிப்பார். ஆவணியில் ஆயில் ஊற்ற வந்தார். ஆள் மெலிந்திருந்தார். சீசன் அலைச்சல் என்று நினைத்தேன். என் பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். அருவிக்குப் போய்விட்டு வருகிறவருக்கு இவ்வளவு தாகமா என்று கேலி செய்தேன். மிதியின் இரும்பு வெட்டுகளில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கிரீஸும் சேறும் என்று எண்ணி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டேன். துணியில் அது கருஞ்சிவப்பாக இறங்கியது. துருவாக இருக்கும் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாமா வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நனைந்தபடி உள்ளே வந்தார். கொட்டகைக்குள் கொஞ்சம் இடத்துக்கு சிமெண்ட் பூசியிருந்தேன். அதில் அவருடைய ஈரக்கால் தடம் விழுந்தது. வலது கால் தடம் வெறும் தண்ணீர். இடது கால் தடத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்பு. வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும் ஒன்று விட்டு ஒன்று.

என் பார்வை போன பக்கம் அவரும் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கு மாப்ளே அடிபட்டிருக்கு?" என்றார்.

நான் அவரை உட்காரச் சொன்னேன். இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். உள்ளங்காலில், மிதி படுகிற இடத்தில் புளியங்கொட்டை போகிற அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் வெளுத்து, வாடை வந்தது. சுற்றி விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லையே. நீ தொடுதியா என்ன?"

அவர் நல்ல நினைவோடுதான் கேட்டார். என் கட்டைவிரல் அப்போது அந்தப் புண்ணின் ஓரத்தில் நகம் பதிய அழுந்தியிருந்தது.

கால் ஆணி என்றுதான் அவர் நினைத்திருந்தார். வெறுங்காலோடு மிதிக்கிறவர்களுக்கு அது எல்லாருக்கும் உண்டு. பள்ளிவாசலில் கால் கழுவும்போது கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். ஆனால் வலி இல்லை. மாமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவந்திருக்கிறார். வலிக்காத புண்ணை யார் புண் என்று நினைப்பார்கள்?

தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர் வண்டியையே நான் ஓட்டினேன். பின்சீட்டில் மாமி மடியில் காலை நீட்டிக்கொண்டு அவர். நானும் வெறுங்கால்தான். பாவூர்சத்திரம் போகும்போதே உள்ளங்கால் எரியத் தொடங்கியது. ஆலங்குளம் வருவதற்குள் கன்றிப்போய்விட்டது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த லாரி ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள, இரும்பின் ஓரம் சதையில் இறங்கியது. எனக்கு வலித்ததால் நான் காலைத் தள்ளித் தள்ளி வைத்து மிதித்தேன். அவருக்கு வலிக்கவில்லை. நான் மாட்டிய நாளிலிருந்து, சீசன் முழுக்க, ஒரே இடத்தில் மிதித்திருக்கிறார். பின்னாலிருந்து, "பைய விடு மாப்ளே, கிளட்ச் உதறுது" என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சர்க்கரை வியாதி என்றார்கள். ரெண்டு மூன்று வருஷமாகவே இருந்திருக்கும், காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்குக் கரி வளையம் ஏன் தேய்ந்தது என்று விளங்கியது. மிதியில் கால் கிடப்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. "பணக்கார வியாதியாமே, நம்ம வீட்டு விலாசத்தை யாரு குடுத்தா?" என்று மாமா வார்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, மிதி கனமாக இருந்தது காரணமா என்று கேட்டேன். இந்தக் காலுக்கு ஒரு முள் போதும், இன்றில்லாவிட்டால் அடுத்த வருஷம் என்றார். அதை எவ்வளவோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு முள் போதும் என்பது சரி. அந்த முள்ளைச் செய்து மாட்டியவன் யார் என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறதே.

தை மாதம் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். வண்டியைச் செங்கோட்டைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், கொடுக்கப்போகிறேன், அதற்கு முன்னால் கியர்பாக்ஸை இறக்கி எல்லாவற்றையும் பார்த்துவிடு என்றார். விற்கிற வண்டிக்கு எதற்கு மாமா என்றேன்.

"விக்கிற வண்டிக்குத்தான்லே பாக்கணும். எனக்கு இதோட குணம் தெரியும், எங்கன கசியும், எங்கன ஆடும்னு. வாங்குதவனுக்கு என்ன தெரியும்? அவன் பிள்ளகுட்டிக்காரன், மலை ஏறுத வண்டி."

இன்னொரு டாக்ஸிக்காரரைத் துணைக்குப் பிடித்து இறக்கினேன். கியர்பாக்ஸ் அந்த ஆளுடைய நெஞ்சில் இறங்கியபோது மாமா பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கி முடித்ததும் அந்த டாக்ஸிக்காரர் போய்விட்டார்.

நான் சாமான்களைக் கழுவினேன். ஸ்பிரிங் என் கையில் இருந்தது. பழைய ஸ்பிரிங்கும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பேசாமல் அதை எடுத்துச் சாக்கில் வைத்துவிட்டால் போதும், இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாமி வீட்டில் எனக்கு ஒரு தட்டு எப்போதும் உண்டு, அது அப்படியே இருக்கும். சாக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் லாரி ஸ்பிரிங்கைத்தான் சாக்கில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் எனக்காக உட்கார்ந்திருக்கவில்லை, எவனோ ஒரு செங்கோட்டைக்காரனுக்காக உட்கார்ந்திருந்தார். அதனால் இருக்கலாம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஆயில் சீல் புதுசு போடு. கிராஸ் புதுசு. மிதிக்கு ரப்பர் ஒட்டிரு. பிறகு ஸ்பிரிங்கை எடுத்தார். ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இது இந்த வண்டிச் சாமான் இல்லையே."

"இல்ல மாமா. லாரிது. நாந்தான் போட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கரி வளையம் தேய்ந்தது, அவர் கோபித்துக்கொண்டது, ஜும்மாவுக்குப் போன நேரம், டீக்கடையில் சொன்ன பொய், ஆவணியில் துணியில் இறங்கிய நிறம்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றார் முடிவில்.

"கேட்டிருந்தா வேண்டாம்னுருப்பீய மாமா."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." ஸ்பிரிங்கை உள்ளங்கையில் உருட்டினார். "ஆனா வீட்டுக்குப் போயி காலைத் திருப்பிப் பாத்திருப்பேன். உம்மேல உள்ள கோவத்துலயாவது பாத்திருப்பேன்."

பிறகு அதைத் தூக்கிப் போடுகிற சாமான்களோடு வைத்துவிட்டு, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டைக் கையில் எடுத்தார். இது இன்னும் ரெண்டு சீசன் தாங்கும், இருக்கட்டும் என்றார்.

வண்டி செங்கோட்டைக்குப் போய்விட்டது. மாமா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் வந்து உட்காருவார், மற்ற டிரைவர்கள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். நானும் போவேன். என்னிடம் அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இந்த விஷயத்தை வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமிக்குக்கூடத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவர் என்னை மாப்ளே என்று கூப்பிடவில்லை. "வாங்க மெக்கானிக், உக்காருங்க" என்பார். எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளி வைக்க மரியாதையைவிடப் பெரிய வேலி கிடையாது. ஏசுகிறவன்தான் நம்மவன்.

ரெண்டு மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் டிரைவர்கள் எல்லாரும் ரயில் வந்துவிட்டது என்று எழுந்து ஓடிவிட, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"மாமா, ஒரு தடவை என்னை ஏசிருங்க. வாயில வந்தபடி ஏசிருங்க" என்றேன்.

அவர் கட்டைகளைச் சுவரில் சரியாகச் சாய்த்து வைத்தார்.

"உங்களை ஏசுறதுக்கு என்ன இருக்கு மெக்கானிக்?" என்றார்.

கடைக்காரரிடம் சீனி போட்டு ஒரு டீயும் சீனி இல்லாமல் ஒரு டீயும் சொன்னார். வந்ததும், சீனி போட்டதை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஸ்டேஷனிலிருந்து வெளியே வருகிற கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.